இரண்டும் இடது கால்

என் வீட்டுக்காரரிடம் ஒரு ராணுவம் இருக்கிறது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பீங்கான் கோப்பையோ பிள்ளைகளின் போட்டோவோ இருக்கும். எங்கள் வீட்டில் விரல் உயரத்துக்குச் சிப்பாய்கள். ஒருத்தன் குறி பார்க்கிறான், ஒருத்தன் தவழ்கிறான், ஒருத்தன் பைனாகுலரை வைத்துக்கொண்டு சமையலறையையே பார்க்கிறான். நான் குக்கரை இறக்கும்போதெல்லாம் அவன் என்னை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதற்கு ஜெயசீலன் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

ஜெயசீலன்தான் என் வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவை வரைந்து, வெட்டி, முதல் சாம்பிளைத் தைக்க வைக்கிற ஆள். நானும் அதே கம்பெனிதான், ஃபினிஷிங் செக்‌ஷன். தைத்து வருகிற ஷூவில் கீறல், வெளுப்பு, மடிப்பு எது இருந்தாலும் கலர் தொட்டு மறைத்து, பெட்டியில் போடுகிற பதத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் அவர் தப்பு செய்வார், நான் மறைப்பேன். வீட்டிலும் அதேதான்.

வாலிபத்தில் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இவரும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். தட்டைக் கால் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாடு தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு விட்டுப்போன பட்டாளத்தை இவர் இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருக்கிறார். கம்பியை முறுக்கி எலும்பு. அதன்மேல், குழாய் ஒழுகினால் அடைக்கிற பட்டியைப் பிசைந்து சதை. பல் குத்துகிற குச்சியாலும் ஊசியாலும் மூக்கு, விரல், சட்டைப் பட்டன். பெல்ட்டுக்கு மட்டும் கம்பெனியில் மிஞ்சுகிற லைனிங் தோலைக் காகிதம் மாதிரி சீவிக்கொண்டு வருவார். பட்டி கிண்டியது எல்லாம் என் இட்லிக் கரண்டியில். அதை நான் கண்டுபிடித்தது, இட்லியை வாயில் வைத்த பிறகு.

உருட்டுகிறதோடு விட்டாலும் பரவாயில்லை. பேச்சு! வெளியூரில் இதே பைத்தியம் பிடித்த ஆண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு வாட்ஸப் குரூப்பில் கூடி ஒருத்தரை ஒருத்தர் கர்னல், மேஜர் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு கர்னல் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒரு மேஜருக்குப் பல்லிகளைக் கண்டால் பயமாம், அவருடைய மனைவியே என்னிடம் சொன்னார். பெங்களூரில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கண்காட்சி வைத்து, இந்தத் தளபதிகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருத்தர் பொம்மையை ஒருத்தர் பரிசோதிப்பார்கள். அங்கே ஜெயசீலனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். ‘பூட்ஸ் வேலைப்பாடு அபாரம்’ என்று மைக்கிலேயே பாராட்டினார்களாம். இந்தப் பூட்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் என் கைக்கு வந்தது இப்படித்தான். ஆரம்பத்தில் அவரே அடித்துக்கொண்டிருந்தார். காட்டுக்குள் மறைவதற்குத்தானே சிப்பாய்க்குப் பச்சையும் பழுப்புமாய் அந்த உடுப்பு? இவர் அடித்ததைப் பார்த்தால் மறைந்தவன்கூட வெளியே வந்துவிடுவான். வட்டம் வட்டமாகப் பச்சை, அதைச் சுற்றிக் கருப்புக் கோடு. தேமல் வந்த மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து என் வயிறு வலித்தது. ‘அவ்ளோ தெரிஞ்சா நீயே அடி’ என்று பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தார். எடுத்து அடித்தேன். அன்றையிலிருந்து உடுப்பு முழுக்க என் வேலை. குரூப்பில் போட்டோ போடும்போது மட்டும் ‘என் புது வேலை’ என்று போடுவார்.

இதில் ஒன்றும் மந்திரம் இல்லை. தோலுக்குக் கலர் தொடுகிறவளுக்குத் தெரியும், நிறத்தை டப்பாவில் இருக்கிறபடியே வைத்தால் அது பெயிண்ட் மாதிரிதான் தெரியும். உருவம் சின்னதாக ஆக ஆக நிறமும் வெளுக்க வேண்டும். முதலில் மண் நிறம் முழுக்க. அது காய்ந்த பிறகு பழுப்பு, பிறகு பச்சை. ஓலையைக் கிழித்துப் போட்ட மாதிரி கீற்றுக் கீற்றாக, எதற்கும் கரை கட்டாமல். தையல் வருகிற இடத்தில் டிசைன் ஒடிய வேண்டும். துணியில் அச்சடித்த பிறகுதானே வெட்டித் தைக்கிறார்கள்? பாக்கெட்டில் இருக்கிற பச்சை, சட்டையில் இருக்கிற பச்சையோடு சேரவே சேராது. ஜெயசீலனுக்கு இது மட்டும் மண்டையில் ஏறாது. ‘இன்னா கிறிஸ்டினா, லெஃப்ட்டும் ரைட்டும் மேட்ச் ஆவல’ என்பார். ஷூவுக்கு மேட்ச் ஆக வேண்டும், சிப்பாய்க்கு ஆகக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பொம்மைக்கும் அதையே கேட்பார்.

ஒரு வேலையை மட்டும் அவர் எனக்குத் தந்ததில்லை. பூட்ஸ். ‘தோல் சாமான் என் இலாகா’ என்பார். பூட்ஸை அவரே செய்து, அவரே கருப்படித்து, அவரே அடிப்பலகையில் ஒட்டி, சுற்றிலும் காய்ந்த பாசியையும் தேங்காய் நாரையும் வெட்டிப் புல் நட்டுவிடுவார். பாதம் மறைகிற வரைக்கும் புல், மேலே லேஸ் கட்டிய பகுதி மட்டும் தெரியும். நானும் அதை எட்டிப் பார்த்ததில்லை. நாளெல்லாம் ஷூவைப் பார்த்துவிட்டு வருகிறவள் வீட்டில் அரை நகம் அளவு பூட்ஸையும் எதற்குப் பார்க்க வேண்டும்?

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில். தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், சுப்பராயன். சுபேதாராக ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க ஸ்டோரில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தவர் என்று அவர் கூட்டாளிகளே சொல்வார்கள். ஆனால் மீசையைப் பார்த்தால் எல்லா எல்லையையும் அவர்தான் காத்த மாதிரி இருக்கும். சங்கத்துக்குப் புதிதாக ஒரு ஹால் கட்டினார்கள். அதில் நடுவில் கண்ணாடிப் பெட்டி வைத்து, மலைமேல் இருக்கிற ஒரு எல்லைக் காவல் சாவடியைச் சிப்பாய்களோடு அமைக்க வேண்டும் என்று ஜெயசீலனைத் தேடி வந்தார்.

அந்தச் சாவடியில் காவலுக்கு இருந்தவர் எங்கள் ஊர் மதியழகன். காஷ்மீர் பக்கம் ஏதோ ஒரு மலை. அங்கே கண்ணிவெடியை மிதித்து வலது கால் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. இப்போது எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பேன்ட் போட்டு நின்றால் யாருக்கும் தெரியாது, செயற்கைக் கால்தான் என்று. எனக்கு முதல் நாளே தெரிந்தது. நடக்கிறவர்கள் ஷூவில் விரல் மடங்குகிற இடத்தில் குறுக்கே மடிப்பு விழும். மதியழகனின் இடது ஷூவில் மடிப்பு மேல் மடிப்பு. வலது ஷூ மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. மரக்கால் மடங்காது, ஷூவும் மடங்காது. எங்கள் செக்‌ஷனில் எல்லாப் பெண்களும் இதைக் கவனித்தோம், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

சுப்பராயன் எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டே உத்தரவு போட்டார்.

“ஜெயசீலா, மத்தவனுங்க சும்மா சுத்தி நிக்கட்டும். மதியழகன்தான் மெயினு. அவன் கீழ வுழுந்து கெடக்கணும். காலு போன எடத்துல ரத்தம் ஜாஸ்தியா தெரியணும். பாக்கறவன் கண்ணுல தண்ணி வரணும், இன்னா?”

“செஞ்சிடலாங்கய்யா,” என்றார் என் தளபதி.

“டிரெஸ்ஸு இப்ப புதுசா வந்திருக்குதே, குட்டிக் குட்டிக் கட்டமா, அத்தப் போடு. அதான் லேட்டஸ்ட்டு.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “ஐயா, அந்த டிரெஸ்ஸு வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே அவருக்குக் காலு போய்ட்டுதுங்களே. அப்ப பழைய டிசைனுதான?”

சுப்பராயன் என்னைப் பார்க்காமல் ஜெயசீலனைப் பார்த்துச் சிரித்தார். “யாரும்மா அதெல்லாம் பாக்கப் போறாங்க?”

கல்யாண ஆல்பத்தில் இந்த வருஷத்துப் புடவையை மாற்றி ஒட்டச் சொல்கிற மாதிரி இருந்தது. பட்டாளத்தில் இருந்தவருக்கே உடுப்பு எதுவென்று அக்கறை இல்லை. கலர் அடிக்கிறது நான்தானே, எதை அடிப்பது என்று எனக்குத் தெரியும் என்று காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் மாலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது மதியழகன் கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

“அண்ணி, ஒரு விஷயம். அண்ணங்கிட்ட நேரா கேக்க ஒரு மாதிரி இருக்குது.”

“சொல்லு தம்பி.”

“என்ன வுழுந்து கெடக்கற மாதிரி செய்யப் போறீங்களாமே.” அவர் என் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போகிற வேன் நம்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்த மலைல நான் மாசக்கணக்கா நின்னுக்கினு இருந்தேன் அண்ணி. பனில, மழைல. வுழுந்து கெடந்தது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தயே கண்ணாடிப் பொட்டில வச்சிப் பூட்டிட்டா காலத்துக்கும் அதானே நானு? இஸ்கூல் புள்ளைங்கள எல்லாம் வரிசையா கூட்டினு வந்து காட்டுவாங்க. என் பொண்ணும் அதுல வரும். தமிழினி என்ன ரெண்டு கால்ல பாத்ததே இல்ல. அவ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டுது. என்ன நின்னுக்கினு இருக்கற மாதிரி செய்யச் சொல்லுங்க. அது போதும்.”

செய்யச் சொல்கிறேன் என்றேன். அப்போது எனக்குச் சுப்பராயன் மீது வந்த கோபத்தில் கேட்டையே பிடுங்கியிருப்பேன். ஒரு மனுஷன் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்ல, கம்பெனி கேட் பக்கத்தில் நின்று என்னிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஸ்டோரில் கம்பளி எண்ணியவர் அவருடைய ரத்தத்தை அளந்துகொண்டிருக்கிறார்.

ஜெயசீலனிடம் சொன்னேன். அவருக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. சுப்பராயனிடம் போய்ச் சொல்வதற்குப் பதிலாக, இரண்டையும் செய்துவிடுவதாக முடிவு செய்தார். கிடக்கிறவன் ஹாலுக்கு, நிற்கிறவன் மதியழகன் வீட்டுக்கு. “ரெண்டு பேரும் சந்தோஷமா இருப்பாங்கல்ல?” என்றார். எல்லோருக்கும் நல்லவர். இப்படிப்பட்ட ஆளைப் பட்டாளத்தில் சேர்த்திருந்தால் எதிரிக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டிருப்பார்.

கிடக்கிற மதியழகனை ஆசை ஆசையாகச் செய்தார். முகத்தில் வேதனை, விரல்களில் வேதனை, சட்டை மடிப்பில்கூட வேதனை. ரத்தத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆராய்ச்சி. சிவப்பு மையில் வார்னிஷ் கலந்து, மேலே என் நகப்பாலிஷையும் தொட்டுவிட்டார். நிற்கிற மதியழகன், மீதியிருந்த கை, மீதியிருந்த உடம்பு, ஏற்கெனவே செய்து வைத்திருந்த பூட்ஸ் என்று ஒரே நாளில் எழுந்து நின்றார். முகம் மட்டும் நான் கேட்டேன் என்பதற்காகப் பார்த்துச் செய்தார். அது நன்றாக வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உடுப்புகளை நான் அடித்தேன். எல்லோருக்கும் பழைய டிசைன்தான், ஓலைக் கீற்று. மதியழகன் தன்னுடைய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மடித்து வைத்த இடமெல்லாம் வெளுத்து, பச்சை பாசி நிறமாகிவிட்டிருந்தது. அதை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நிறம் கலந்தேன். தோள்பட்டையில் பை தேய்த்த இடம் வெளுப்பு, முழங்கையில் வெளுப்பு, முட்டியில் மண். அந்தச் சட்டையைத் தொட்டபோது இந்தப் பொம்மைக் கூத்தில் முதல் தடவையாக எனக்கு அந்த வேலைமேல் மரியாதை வந்தது.

அந்தச் சமயம் பார்த்து வெளிநாட்டிலிருந்து, கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிற பையர் வந்தார். ஜெயசீலன் சாம்பிள் ரூமிலேயே குடியிருந்தார். திறப்பு விழா நெருங்கிவிட்டது. “பூட்ஸுக்கும் நீயே கருப்படிச்சிடு,” என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தோல் சாமான் இலாகா என் கைக்கு வந்தது.

நிற்கிற மதியழகனைக் கையில் எடுத்து, தலைகீழாகப் பிடித்து, பிரஷ்ஷைக் கருப்பில் தொட்டேன். பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பூட்ஸும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. பெருவிரல் இருக்க வேண்டிய இடம் இரண்டிலும் வலப்பக்கம். இரண்டும் இடது கால்.

அடுத்தவனை எடுத்தேன். அவனும் இரண்டு இடது கால். அதற்கடுத்தவனும். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பெங்களூரில் கோப்பை வாங்கினவனை எடுத்துப் புல்லை விலக்கிப் பார்த்தேன். அதே கதைதான். பைனாகுலர்காரனும் அப்படியே. கர்னல்களும் மேஜர்களும் பூதக்கண்ணாடியில் பார்த்து, அபாரம் அபாரம் என்று கைதட்டிய பூட்ஸ்! எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து வீட்டு முபஷ்ஷிரா ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னா கிறிஸ்டினாக்கா, தனியா சிரிச்சினு இருக்கீங்க?” என்றாள்.

எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சாம்பிள் ரூமில் எல்லாமே ஒற்றைக் கால்தான். வரைவது இடது கால், வெட்டுவது இடது கால், பையருக்கு முதலில் காட்டுவதும் இடது கால் மட்டும். பையர் சரி என்றால், வலது காலைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுக்கொள்ளும். ஜெயசீலன் வலது கால் என்று ஒன்றை வரைந்தே எத்தனையோ வருஷமாகிறது. இந்த மனுஷன் ஒரே ஒரு பூட்ஸை உயிரைக் கொடுத்துச் செய்து, அதை ரப்பரில் அச்செடுத்து, அந்த அச்சிலேயே எல்லாருக்கும் வார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் வந்து திருப்பித் தரும் என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்தவரிடம் காட்டினேன். முதலில் புரியவில்லை. பிறகு முகம் செத்துவிட்டது. அதையும் இரண்டு நிமிஷத்தில் சமாளித்துக்கொண்டார்.

“சாம்பிளுன்னா எப்பவும் ஒரு காலுதான் கிறிஸ்டினா. கை பழகிப் போச்சு.”

“இது சாம்பிள் இல்லீங்க, ஆளு.”

“சரி, இப்ப இன்னா பண்ணச் சொல்ற? நேரமே இல்ல. கொஞ்சம் புல்லு ஜாஸ்தியா ஒட்டிடு. யாரு பாக்கப் போறாங்க?”

சுப்பராயன் சொன்ன அதே வார்த்தை. சங்கத்துக்கும் என் வீட்டுக்கும் ஒரே வேதம். நான் மறுபடியும் சிரித்தேன். அவர் சாப்பிடும்போது சிரித்தேன், ஜெபம் பண்ணும்போது சிரித்தேன். எத்தனை வருஷத்து வீறாப்பு, நகத்தளவு பூட்ஸில் கவிழ்ந்துவிட்டது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்தபோது மதியழகன் வந்தார். சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியே பொம்மையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. என் மனதில் இருந்தது என்னவென்றால், அவரிடமும் சொல்லி, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஜெயசீலனைக் கிண்டல் செய்ய வேண்டும் என்பதுதான். இன்னும் அடியில் ஒட்டாத அந்த உருவத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எங்கே பார்க்கிறார் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் உடுப்பு, அப்புறம் துப்பாக்கி. மதியழகன் நேராகக் காலைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது பக்கத்துப் பூட்ஸைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“வலது காலு இதுலயும் இல்ல அண்ணி,” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. கேட்டில் வண்டி நம்பரைப் படிக்கிற மாதிரி சொன்னார். நான் சிரிப்பை விட்டுவிட்டு மேஜைமேல் இருந்த அவருடைய சட்டையை மடிக்க ஆரம்பித்தேன். ஜெயசீலன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பரவால்ல அண்ணி. டிரெஸ்ஸு சூப்பரா வந்திருக்குது. என் சட்ட மாதிரியே,” என்று சொல்லிவிட்டு மதியழகன் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஷூ போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தெருமுனை தாண்டும் வரை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு பேசினேன். என்ன பேசினேன் என்பதையெல்லாம் இங்கே எழுத முடியாது, முபஷ்ஷிரா தன் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். ஜெயசீலன் மேஜையில் உட்கார்ந்து பட்டியைப் பிசைந்தார். குனிந்து குச்சியால் தட்டித் தட்டி ஒரு பூட்ஸ் செய்தார். நிமிர்ந்து பார்த்தால் அது இடது கால். கலைத்துவிட்டு மறுபடியும் செய்தார். மறுபடியும் இடது. மூன்றாவது தடவை உருண்டையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, “வர்லடி,” என்றார். அந்தக் கையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பாவத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் செய்தேன். ஜெயசீலனுடைய வலது ஷூவை வாசலிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல், முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். பிளேடால் பொம்மையின் தப்புக் காலை அறுத்து எடுத்தேன். கம்பி செருகி, பட்டி உருட்டி, குதிகால், பக்கச் சுவர், பெருவிரல் பக்கம் உள்ளே வாங்குகிற வளைவு. அவர் மாதிரி நேர்த்தி எனக்கு வராது. ஆனால் வலது கால் வலது காலாக வந்தது. பட்டி இறுகுவதற்கு முன்னால் ஊசியை எடுத்து, விரல் மடங்குகிற இடத்தில் குறுக்கே அழுத்தி ஒரு மடிப்பு வைத்தேன். அதன் கீழே இன்னொன்று. பக்கவாட்டில் சின்னச் சுருக்கங்கள். பிறகு கருப்படித்து, மடிப்பின் மேட்டில் மட்டும் தேய்ந்த மாதிரி லேசாகச் சாம்பல் தொட்டேன். இடது பூட்ஸிலும் அதே மாதிரி.

ஜெயசீலன் எட்டிப் பார்த்தார். “இன்னா கிறிஸ்டினா, பூட்ஸுல போய் மடிப்பு வைக்கிற? கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்டு.”

“கம்பெனி இல்ல, கம்முனு இருங்க,” என்றேன். சம்பளம் வாங்குவதே மடிப்பை மறைக்கத்தான். மடிப்பு வைத்தது இதுதான் முதல் தடவை. இடதைவிட வலதில் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

திறப்பு விழா அன்று காலையில் கண்ணாடிப் பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாகத் தூசி தட்டுகிறேன் என்று நான் போனேன். கிடக்கிற மதியழகனைப் பிடுங்கி, என் டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். அந்த இடத்தில் நிற்கிற மதியழகனை ஒட்டினேன். சுற்றிப் புல் நடவில்லை. வெறும் பாறை. இரண்டு பூட்ஸும் பளிச்சென்று தெரிந்தன. ஜெயசீலன் கதவருகில் நின்று, “ஐயா கேட்டா நான் இன்னா சொல்றது, பேஜாராயிடும்,” என்று புலம்பினார். “எம்மேல பழி போடுங்க, வழக்கம்தான,” என்றேன். அவர் தானே வந்து கண்ணாடியை மூடித் திருகாணியை முடுக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரே வீரச் செயல்.

பயந்ததெல்லாம் வீண். சென்னையிலிருந்து ஒரு பழைய பெரிய அதிகாரி வந்து ரிப்பனை வெட்டினார். சுப்பராயன் மைக்கைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, “இதோ, ரத்த வெள்ளத்தில் விழுந்து கிடக்கும் நம் மண்ணின் மைந்தன்!” என்று முழங்கினார். பெட்டிக்குள் மண்ணின் மைந்தன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பெரிய அதிகாரி குனிந்து பார்த்து, புது உடுப்பு பிரமாதம் என்றார். உடுப்பு பழையது. சுற்றி நிற்கிற மற்ற சிப்பாய்கள் எல்லோருக்கும் இன்றுவரை இரண்டு இடது கால்தான், அவர்களுக்கு மட்டும் ஜெயசீலன் தாராளமாகப் புல் நட்டிருக்கிறார். ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று சுப்பராயனும் ஜெயசீலனும் சொன்னது உண்மைதான். தங்களைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர்கள் எல்லாம் பிரியாணிக்குப் போன பிறகு மதியழகன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. கூடவே தமிழினி, பள்ளி யூனிஃபார்மில். அந்தப் பெண் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையோடு தரையாகத் தேடினாள். கிடக்கிற அப்பாவை.

“எங்கப்பா நீ? காணோமே.”

மதியழகனும் அங்கேதான் தேடினார். பிறகுதான் பாறைமேல் பார்த்தார். பார்த்ததும் தானும் நேராக நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மரக்காலைப் பின்னால் நீட்டி, மெல்லக் குனிந்தார். கண்ணாடிக்கு மூக்கு படுகிற அளவுக்கு. முகத்தைப் பார்க்கவில்லை, உடுப்பைப் பார்க்கவில்லை. வெகு நேரம் பூட்ஸையே பார்த்தார்.

“மடிப்பு வச்சிருக்கீங்க,” என்றார் என்னிடம், திரும்பாமலே.

“ஆமா தம்பி.”

“வலதுலயும்.”

“வலதுலயுந்தான்.”

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மடிப்பு விழுந்த இடது ஷூ, மடிப்பே விழாத வலது ஷூ. தமிழினி அதற்குள் பாறைமேல் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏமாந்துபோன குரலில், “இன்னாப்பா, எல்லாரும் இன்னாமோ சொன்னாங்க. நீ சும்மா நின்னுக்கினுதான இருக்க?” என்றாள்.

“சும்மா நிக்கலம்மா. அந்த மலைல நடந்து ஏறிட்டு வந்து நிக்கறேன்,” என்றார் மதியழகன். அவள் தலையைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். “பூட்ஸப் பாரு. ரெண்டயும் பாரு.”